உபுண்டு, மின்ட் கணினிகளைப் புதிய வெளியீட்டுக்கு மாற்றுவது: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் நடக்கும் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கணினிகளை நானும் இரண்டு நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். எல்லாம் அலுவலகங்களில் கழித்துக் கொடுத்த பழைய டெஸ்க்டாப்கள். ஐந்தில் உபுண்டு ஓடுகிறது, மூன்றில் லினக்ஸ் மின்ட். இரண்டும் விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச லினக்ஸ் இயங்குதளங்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு, வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளிலும் லினக்ஸ் கூடிவிட்டது. அதோடு கேள்விகளும் கூடிவிட்டன. ஃபீனிக்ஸ், மெரிபேங்க், லெனேசியா என்று பல இடங்களிலிருந்து வாட்ஸப்பில் கேட்டவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

தினமும் அப்டேட் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், இந்த வெளியீட்டு மாற்றம் என்ன தனியாக?

தினமும் வருவது, இருக்கிற வீட்டில் ஓட்டைக்கூரையை அடைப்பது போல. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பாதுகாப்புக் குறை, கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு பிழை என்று அதை மட்டும் சரிசெய்துவிட்டுப் போய்விடும். வெளியீட்டு மாற்றம் அப்படியில்லை. கெர்னல், டெஸ்க்டாப், பைத்தான், அச்சுப்பொறிக்கான நிரல்கள் என்று கிட்டத்தட்ட எல்லா மென்பொருள் பொதிகளும் ஒரே இரவில் புதிதாகும். உதாரணமாக உபுண்டு 22.04-இல் இருந்த பைத்தான் 3.10, 24.04-க்குப் போனதும் 3.12 ஆகிவிடும். அதனால்தான் நேரமும் அதிகம் எடுக்கும், முன்னேற்பாடும் வேண்டும்.

அப்புறம், இது ஒருவழிப் பாதை. மாற்றிய பிறகு "பழையதே நன்றாக இருந்தது" என்று ஒரு பொத்தானை அழுத்தித் திரும்ப முடியாது. எடுத்து வைத்த காப்பு நகலிலிருந்துதான் திரும்ப வரலாம்.

22.04, 24.04 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன? எதை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஆண்டும் மாதமும். 24.04 என்றால் 2024 ஏப்ரல். முதல் உபுண்டு 4.10, அதாவது 2004 அக்டோபர். அதைத் தொடங்கியவர் நம் நாட்டில் வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த். பெயரும் இந்த மண்ணின் பெயர்தான். சுலு பேசும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் பொருள் சொல்வார்கள்.

உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும். அவற்றில் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது மட்டும் நீண்டகால ஆதரவு வெளியீடு, அதாவது எல்டிஎஸ். அதற்கு ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். வீட்டுக் கணினிக்கு எல்டிஎஸ் போதும் என்பது என் உறுதியான கருத்து. புதிது பார்க்கும் ஆசையில் இடைவெளியீட்டுக்குப் போனவர்கள் ஒன்பது மாதம் கழித்து மறுபடி மாற்ற நேரமில்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள்.

"சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" சன்னலில் "அப்டேட்ஸ்" தாவலுக்குப் போங்கள். புதிய வெளியீடு பற்றி எப்போது அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் நீண்டகால ஆதரவு வெளியீடுகளுக்கு மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள்.

புதிய எல்டிஎஸ் வந்துவிட்டது என்று செய்தி பார்த்தேன். என் கணினி ஒன்றும் சொல்லவில்லையே?

சொல்லாது, அதுதான் சரி. ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கான வழி, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் திறக்கும். அதாவது கடைசியில் ".1" என்று வருவது. ஏப்ரலில் வெளியானால் இது பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்கில் வரும். 24.04.1 வந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். வழி திறந்த பிறகும் ஒரு பிழை தென்பட்டதால் சில நாள் நிறுத்தி வைத்து, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அந்த நாள்களில் காத்திருந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. ஆகவே ".1" வந்து மூன்று நான்கு வாரம் கழித்துத் தொடங்குவதுதான் எங்கள் வழக்கம்.

என்னிடம் 20.04 இருக்கிறது. நேராக 24.04-க்குப் போகலாமா?

முடியாது. முதலில் 22.04, பிறகு 24.04. இரண்டு படி, இரண்டு முறை பதிவிறக்கம். 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இரண்டு முறை மாற்றுவதற்குப் பதில் காப்பு எடுத்துவிட்டு 24.04-ஐப் புதிதாக நிறுவுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், சுத்தமாகவும் இருக்கும்.

உடனே நேரமில்லை என்றால் உபுண்டு ப்ரோ என்ற சேவை இருக்கிறது. சொந்தப் பயனுக்கு ஐந்து கணினி வரை இலவசம். பாதுகாப்புத் திருத்தத்தைப் பத்தாண்டு வரை நீட்டித் தரும். அதைப் போட்டுவிட்டு நிதானமாக ஒரு நாள் பாருங்கள்.

காப்பு என்றால் எதை எடுக்க வேண்டும்? டைம்ஷிஃப்ட் போட்டிருக்கிறேனே, போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்வேன்.

டைம்ஷிஃப்ட் என்ற நிரல் எடுப்பது இயங்குதளத்தின் படம், அதாவது அந்த நேரத்தில் அது இருந்த நிலையின் நகல். உங்கள் ஹோம் கோப்புறையை, அதாவது படங்கள், கடிதங்கள், பிள்ளைகளின் பாடங்கள் இருக்கும் இடத்தை, அது இயல்பாகச் சேர்ப்பதில்லை. இயங்குதளம் கெட்டால் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். பாட்டியின் குரலில் பதிந்து வைத்த தாலாட்டை எங்கே போய் நிறுவுவது? வகுப்பில் ஒரு மாணவியின் வீட்டில் அப்படி ஒரே ஒரு பதிவு ஒரே ஒரு கணினியில் இருந்தது. மேம்படுத்த வந்த நாளில் அதை முதலில் இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை அவர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கணினியைத் தொட்டோம்.

ஆக, இரண்டும் வேண்டும். இயங்குதளத்துக்கு டைம்ஷிஃப்ட். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதானால் அந்த டிஸ்க் லினக்ஸ் வடிவத்தில், எக்ஸ்ட்4 போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். விண்டோஸ் வடிவ டிஸ்க்கை அது ஏற்காது. உங்கள் கோப்புகளுக்குத் தனியாக இன்னொரு காப்பு. வெறுமனே இழுத்துப் போட்டு நகலெடுத்தாலே போதும். ஆனால் கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தி, மறைந்திருக்கும் கோப்புறைகளையும் காட்டச் செய்து எடுங்கள். தண்டர்பேர்ட் மின்னஞ்சல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸின் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் 22.04 முதல் "ஸ்னாப்" என்ற கோப்புறைக்குள் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

நகலெடுத்த பிறகு அந்த டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பை நான் காப்பு என்று எண்ணுவதில்லை.

நடுவில் கரன்ட் போனால்?

நம் ஊரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதம் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) இல்லாமல் இருந்தோம். 2025 தொடக்கத்தில் மறுபடி தலைகாட்டியது. லோட் ஷெடிங் இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, டிரிப் ஆவது என்று ஏதாவது இருக்கத்தான் செய்கிறது.

மேம்படுத்தும் சன்னலில் வரிசையாகச் சில கட்டங்கள் தெரியும்: தயாராவது, மென்பொருள் மூலங்களை மாற்றுவது, பொதிகளை இறக்குவது, நிறுவுவது, சுத்தம் செய்வது, மறுதொடக்கம். இறக்கும் கட்டத்தில் கரன்ட் போனால் கவலையில்லை, பிறகு தொடரலாம். நிறுவும் கட்டம்தான் ஆபத்து. பாதிப் பொதிகள் புதியவை, பாதி பழையவை என்ற நிலையில் கணினி அணைந்துவிடும்.

2023-இல் ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டு நடந்த காலம். வகுப்புக் கணினி ஒன்றை 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தோம். நேரம் பார்த்துத்தான் தொடங்கினோம், ஆனால் இறக்கம் நினைத்ததைவிட இழுத்துவிட்டது. இன்னும் பதினெட்டு நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது மின்விசிறி முதலில் தளர்ந்தது, பிறகு திரை கறுத்தது. கரன்ட் வந்து போட்டால் உபுண்டு சின்னம் வருகிறது, அதோடு நிற்கிறது.

அதை எப்படி மீட்டோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். கணினியைப் போட்டதும் எஸ்கேப் விசையைத் தட்டினோம் (பழைய பயாஸ் வகைக் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்). கிரப் பட்டியல், அதாவது எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல், வந்தது. அதில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்", அதற்குள் "ரிகவரி மோட்" என்று முடியும் வரி. சிறிது நேரத்தில் ஒரு சிறு பட்டியல் வரும். அதில் முதலில் "நெட்வொர்க்". அது இணையத்தைத் திறக்கும். கம்பி வழி இணைப்பு இருந்தால் நல்லது. பிறகு "டிபிகேஜி", அதாவது உடைந்த பொதிகளைச் சரிசெய்வது. அது விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டே போகும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் "ரெஸ்யூம்" கொடுத்துத் தொடங்கியதும் டெஸ்க்டாப் வந்தது. பிள்ளைகள் தட்டச்சு செய்து வைத்த ஆத்திசூடிக் கோப்பும் அப்படியே இருந்தது.

மடிக்கணினி என்றால் நல்ல பேட்டரியே யூபிஎஸ். டெஸ்க்டாப் என்றால் இன்வர்ட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ செருகுங்கள், ரவுட்டரையும் சேர்த்து. நிறுவும் கட்டத்தின் நடுவிலும் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற ஸ்னாப் நிரல்களுக்கு (தனி வகைப் பொதியாக வருபவை) இணையம் தேவைப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கரன்ட் போய் வந்தால் உடனே கணினியைப் போடாதீர்கள். கால் மணி நேரம் விடுங்கள், வந்த வேகத்தில் திரும்பப் போவது உண்டு.

எவ்வளவு டேட்டா செலவாகும்? எங்கள் வீட்டில் ஃபைபர் இல்லை.

நாங்கள் மாற்றிய கணினிகளில் ஒன்றரையிலிருந்து மூன்று ஜிபி வரை ஆனது. நீங்கள் எத்தனை நிரல் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொடங்கும் முன் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அதுவே காட்டி, சம்மதம் கேட்கும். அங்கே பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், எதுவும் மாறியிருக்காது.

ஃபோன் டேட்டாவில்தான் செய்ய வேண்டும் என்றால் நள்ளிரவுக்கு மேல் கிடைக்கும் இரவு டேட்டாவை வாங்குங்கள், பகல் டேட்டாவைவிட மிகவும் மலிவு. ஆனால் அதைவிட நல்லது, கணினியைத் தூக்கிக்கொண்டு ஃபைபர் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

"சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" சன்னலில் எங்கிருந்து இறக்குவது என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கச் சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம். பொதுவாக வேகமாக இருக்கும். அது ஒத்துழைக்காவிட்டால் முதன்மைச் சர்வருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி, கோயில் நூலகம் என்று பல கணினிகள் உள்ள இடமானால், ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற நிரலைப் போடுங்கள். முதல் கணினி இறக்கியதை அது வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் கொடுக்கும். ஸ்னாப் நிரல்கள் மட்டும் இதில் சேராது.

டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. என்ன செய்வது?

எந்த இடத்தில் போதவில்லை என்று செய்தியை முழுக்கப் படியுங்கள். "பூட்" என்ற சிறு பகுதி நிரம்பியிருந்தால், காரணம் பழைய கெர்னல்கள். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சன்னலில், "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்" என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் (sudo apt autoremove) கொடுத்தால் தேவையற்றவை போய்விடும். மின்ட்டில் அப்டேட் மேலாளரிலேயே கெர்னல்களைப் பார்த்து நீக்கலாம். இப்போது ஓடிக்கொண்டிருப்பதையும் அதற்கு முந்தையதையும் தொடாதீர்கள்.

முழு டிஸ்க்கும் நிரம்பியிருந்தால் பெரும்பாலும் வாட்ஸப்பிலிருந்து இறக்கிய கல்யாண வீடியோக்கள்தான். வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

நடுவில் "கோப்பை மாற்றவா, வைத்துக்கொள்ளவா" என்று கேட்கிறது. பயமாக இருக்கிறது.

அந்தச் சன்னல் வரும்போது கணினி உங்களுக்காகக் காத்திருக்கும். நிதானமாகப் பாருங்கள். ஏதோ ஒரு அமைப்புக் கோப்பு முன்பு கையால் மாற்றப்பட்டிருக்கிறது; புதிய வெளியீட்டிலும் அதே கோப்பு வேறு வடிவில் வருகிறது. எதை வைப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் மாற்றியது நினைவிருந்தால், உதாரணமாக அச்சுப்பொறியைப் பகிர ஏதாவது எழுதியிருந்தால், "கீப்". அப்படி எதையும் தொட்டதாக நினைவே இல்லை என்றால் "ரீப்ளேஸ்". நிச்சயமில்லை என்றால் "கீப்" கொடுங்கள், அதுதான் இயல்பான விடையும்கூட. கோப்பின் பெயரை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு ஏதாவது இடக்குச் செய்தால் தேட வசதி.

கணினியைத் தொடங்கிவிட்டு உறங்கப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். காலையில் எழுந்து பார்த்தால் இரவு பன்னிரண்டரைக்கு வந்த கேள்வியில் நின்றுகொண்டிருக்கும்.

மின்ட்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. 22.1, 22.2 போன்ற சிறு மாற்றங்களை அப்டேட் மேலாளரின் மெனுவிலேயே செய்துவிடலாம். 21-இலிருந்து 22-க்கு என்பது பெரிய மாற்றம், முதலில் 21.3-க்கு வந்து, எல்லா அப்டேட்டும் போட்டு, பிறகு மின்ட்அப்கிரேட் என்ற தனிக் கருவியை நிறுவ வேண்டும். டைம்ஷிஃப்ட் படம் எடுக்காவிட்டால் அது மேலே போகவே விடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். மின்ட் 22, உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது. 2029 வரை ஆதரவு உண்டு.

பழைய கணினி தாங்குமா?

உபுண்டு 24.04-க்கு 4 ஜிபி ராமும் 25 ஜிபி டிஸ்க் இடமும் சொல்கிறார்கள். 4 ஜிபியில் ஓடும், ஆனால் பிரவுசரில் பத்துத் தாவல் திறந்தால் திணறும். அப்படிப்பட்ட கணினிக்கு சுபுண்டு, லுபுண்டு, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு இவற்றில் ஒன்று பொருந்தும். ராமைவிடப் பெரிய மாற்றம் தருவது எஸ்எஸ்டி. பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் எங்கள் வகுப்புக் கணினிகளின் ஆயுள் நீண்டுவிட்டது. 32-பிட் கணினியென்றால் உபுண்டுவும் கைவிட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐயும் அதில் நிறுவ முடியாது.

எந்தக் கணினியானாலும், மாற்றும் முன் புதிய வெளியீட்டை ஒரு யூஎஸ்பியில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, திரை சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு ஏதாவது கெட்டாலும் கோப்புகளை எடுக்க அதே யூஎஸ்பி கை கொடுக்கும்.

விண்டோஸும் சேர்ந்து இருக்கிறது. மேம்படுத்திய பிறகு பட்டியலில் அதைக் காணவில்லை!

விண்டோஸ் போகவில்லை, பட்டியலில்தான் இல்லை. கணினியைப் போடும்போது பயாஸின் பூட் பட்டியலுக்குப் போனால் அங்கே இருக்கும். கிரப் பட்டியலில் திரும்பச் சேர்க்க, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வசதியை இயக்கிவிட்டு கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இருந்தால் அதன் மீட்புச் சாவியை மாற்றத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு தமிழ்99 காணவில்லை. பழைய தமிழ்க் கோப்புகளும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன.

இரண்டும் வேறு வேறு சிக்கல். தமிழ்99-க்கு ஐபஸ்-எம்17என் என்ற பொதி வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். பிறகு செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதியில் உள்ளீட்டு மூலமாகத் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். வெளியேறி உள்நுழையாமல் பட்டியலில் தேடிக் களைத்துப் போனவர்கள் பலர்.

கோப்பு குப்பையாகத் தெரிவது பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி, டிஸ்கி, டாப் என்று அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு முறையில் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். காப்பு எடுத்த கோப்புறையில் ".ஃபான்ட்ஸ்" என்று மறைந்திருப்பதைத் தேடி, அதைத் திரும்ப ஹோமில் போடுங்கள். கோயில் விழா அழைப்பிதழ், வகுப்பின் பழைய வினாத்தாள் போன்றவற்றை இந்தச் சாக்கில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. அடுத்த முறை இந்தத் தேடல் இருக்காது.

நான் வெளியிலிருந்து போட்ட நிரல்கள் அப்டேட் ஆவதில்லையே?

மேம்படுத்தும்போது உபுண்டுவுக்கு வெளியே உள்ள மூலங்களை அது அணைத்துவிடும், மோதல் வராமல் இருக்க. "சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" சன்னலில் "அதர் சாஃப்ட்வேர்" தாவலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதிய வெளியீட்டுக்கு அவர்கள் பொதி தந்திருந்தால் மட்டும் இயக்குங்கள்.

திரை கறுப்பாக வருகிறது, என்விடியா கார்டு.

கரன்ட் போனதற்கு மேலே சொன்ன அதே ரிகவரி வழியில் உள்ளே வந்து, என்விடியா நிரலை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவதுதான் பெரும்பாலும் மருந்து. உள்நுழையும் திரை வரை வந்து அதன் பிறகு மட்டும் கோளாறு என்றால், பெயரைத் தேர்ந்தெடுத்ததும் மூலையில் தெரியும் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸார்க் (திரையைக் காட்டும் பழைய முறை) தேர்வைக் கொடுத்துப் பாருங்கள். 24.04-இல் அந்தத் தேர்வு இருக்கிறது.

எல்லாம் சரியாக ஓடுகிறது. காப்பை எப்போது அழிக்கலாம்?

டைம்ஷிஃப்ட் படத்தை ஒரு மாதம் வைத்திருங்கள். அதற்குள் அச்சடித்து, ஸ்கேன் செய்து, ஒரு வீடியோ அழைப்பு பேசி, தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். சரியாக இருந்தால் அதை நீக்கலாம். உங்கள் கோப்புகளின் காப்பை அழிக்கவே வேண்டாம். டிஸ்க்கின் மேல் தேதியை எழுதி, கணினி இருக்கும் அறையில் வைக்காமல் வேறு வீட்டில் வையுங்கள்.